அடுப்பு வண்டியை நான் இழுத்துப் போகிறேன்

இஞ்சாருங்கோ,

இருபத்திரண்டு வருசம் உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது கடிதத்தில் மட்டும் என்ன புதுப் பழக்கம்? இஞ்சாருங்கோ என்று ஒரு குரல் கொடுத்தால், குசினியில் நின்றாலும் பல்கணியில் நின்றாலும் "என்னப்பா" என்று வருவீர்கள். இப்போது கேட்கிற தூரத்தில் இருக்கிறீர்களோ தெரியாது. ஆனாலும் உங்களிடம் சொல்ல ஒரு செய்தியும் இருக்கிறது, ஏச ஒரு விசயமும் இருக்கிறது.

உங்கள் முதலாம் ஆட்டைத் திவசம் முடிந்த கிழமையே பல்லரோச் சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிற சல்வோ வீட்டுக்கு வந்தான். முழங்கால் நோவால் கடையை மகனிடம் கொடுத்துவிட்டானாம், பிக்கப்பையும் விற்றுவிட்டானாம். கதிரையில் இருந்துகொண்டு தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வருசா வருசம் அந்தப் பிக்கப்பை இரவல் வாங்கித்தானே நாங்கள் சமையல் சாமான் அத்தனையையும் ஏற்றிய அடுப்பு வண்டி ட்ரெய்லரை அதன் பின்னால் கொழுவிக்கொண்டு, இத்தாலியின் அடியில் கிடக்கிற இந்தத் தீவிலிருந்து வடக்கே முருகன் கோயில் தேருக்குப் போனோம். முழுத் தூரமும் கப்பலில் போவோம் என்றால் உங்களுக்குத் தலைசுற்றும், குறுக்கே கிடக்கிற சின்னக் கடலை மட்டும் படகில் தாண்டி மிச்சம் றோட்டில்தான். பிக்கப் இல்லையென்றால் அடுப்பு வண்டி முற்றத்தில் கிடந்து துருப்பிடிக்க வேண்டியதுதான்.

ஆரணி குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது நீங்கள் வைத்த நேர்த்தி அது. பிள்ளை தப்பினால், உடம்பில் தெம்பு இருக்கும் மட்டும் தேருக்கு வருகிற சனத்துக்கு எங்கள் கையால் சமைத்துப் போடுவோம் என்றீர்கள். எங்கள் கையால் என்றுதான் சொன்னீர்கள், நான் பக்கத்தில்தான் நின்றேன். துக்கம் காத்ததால் போன வருசம் போகவில்லை. இந்த வருசமும் போகாவிட்டால் நேர்த்தியை முறித்தது நான்தானே?

உங்கள் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஆறுதலாகக் கதைத்தார்.

"அண்ணி, இது பொம்பிளையளுக்கு ஏலாத வேலை. வண்டியை ஆருக்கும் குடுப்பம். கோயிலுக்கு ரெண்டு மூட்டை அரிசி அனுப்பி விடுவம்."

நான் தேத்தண்ணி மட்டும் ஊற்றிக் கொடுத்தேன். நான் வாய் திறக்காவிட்டால் முடிவெடுத்துவிட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கு அது இன்னும் பிடிபடவில்லை.

கார் ஓட எனக்கு வரும். நான் வேலை செய்கிற வீட்டுக்கார அம்மா, அந்த சிஞ்ஞோராவை, அவவின் குட்டிக் காரில் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்வருவது நான்தான். ஆனால் பின்னால் ஒன்றைக் கொழுவிக்கொண்டு ஓடப் பயம். போகிற வழியில் கலாப்ரியாவின் உயரப் பாலம் ஞாபகமிருக்கிறதா? அடுப்பு வண்டி பின்னால் பாம்பு மாதிரி நெளிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றேன். நீங்கள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினீர்கள். பாலம் தாண்டி ஓரமாய் நிறுத்தி, முகத்தைத் துடைத்துவிட்டு, காற்று என்றீர்கள். நானும் காற்றென்றே நம்பினேன்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள சாரதிப் பள்ளிக்குப் போய் விசாரித்தேன். அங்கிருந்த பெண் என் லைசென்ஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு பாரம் இழுக்க இது காணாது, அதற்குத் தனி வகுப்பு, தனிச் சோதனை என்றாள். என்னுடைய மனுசன் பத்து வருசத்துக்கு மேலாக இதைத்தான் இழுத்தவர் என்று பெருமையாகச் சொன்னேன். அப்படியானால் அவருடைய லைசென்ஸில் அந்த வகுப்புக்கு நேரே ஒரு திகதி இருக்கும் என்றாள்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து உங்கள் லைசென்ஸை எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் திகதி இல்லை, ஒரு கோடுதான் இருந்தது.

என்ன மனுசன் நீங்கள்? பொலிஸ் மறித்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? பிள்ளையையும் ஏற்றிக்கொண்டல்லவா அந்தப் பாலத்தில் போனோம்? குசினி நிலத்தில் இருந்துகொண்டு வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசி முடிய அழுகை வந்தது. அழுது முடியச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. நீங்கள் ஒருநாளும் அடுப்பு வண்டியைப் பின்னுக்கு எடுத்ததில்லை. வீட்டு முற்றத்திலும் சரி, கோயில் வாசலிலும் சரி, கொக்கியைக் கழற்றிவிட்டுப் பெடியளைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வீர்கள். அவர்களும் தேர் தள்ளுகிற மாதிரி அரோகரா என்று தள்ளுவார்கள். உங்கள் பக்தி என்று நினைத்து நானும் கைகூப்பிக்கொண்டு நின்றேன். பின்னுக்கு எடுக்கத் தெரியாமல்தான் அத்தனை அரோகராவும்.

நான் படித்தேன். பின்னுக்கு எடுக்கும்போது ட்ரெய்லர் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்ப வேண்டும். உங்கள் தம்பியோடு கதைக்கிற மாதிரித்தான், எதிர்ப்பக்கமாகச் சொன்னால்தான் வழிக்கு வரும். முதல் சோதனையில் இரண்டு கூம்புகளைச் சாய்த்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டாம் முறை பாஸ். சிஞ்ஞோரா கேக் வாங்கி வெட்டினா.

அதற்குப் பிறகு தம்பியும் சும்மா இருக்கவில்லை, அவரே ஒரு பிக்கப் பார்த்துக்கொண்டு வந்தார். நல்ல வெள்ளை, அகல டயர், முகம் பார்க்கலாம் போல் பளபளப்பு. இலக்கத் தகட்டில் உள்ள இலக்கத்தைக் கூட்டினால் ஒன்பது வருகிறது, அதைவிட வேறென்ன வேண்டும் என்றார். ஆரணி இலக்கத்தைப் பார்க்கவில்லை. வண்டியின் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, எவ்வளவு இழுக்கலாம் என்று எழுதியிருக்கிற வரியைத் தேடினாள். விளம்பரத்தில் போட்டதைவிட எவ்வளவோ குறைவு. ஒரே பெயரில் பல வகை விடுகிறார்களாம், இது பாரம் இழுக்கிற வகை இல்லையாம். உங்கள் மகள் உங்களைப் போல் இல்லை, காகிதம் பார்க்கிறவள்.

அடுத்தது பகேரியாப் பக்கம் ஒரு எலுமிச்சைத் தோட்டக்காரரின் வண்டி. சாம்பல் நிறம், கை கியர், நாலு கதவு, ஒரு கதவில் நெளிவு. ஆனால் கொக்கி தேய்ந்து மினுங்கியது. குதிரை ஏற்றுகிற ட்ரெய்லரை இத்தாலி முழுக்க இழுத்த வண்டி என்றார் கிழவர். தம்பி மெல்ல முன்னுக்குப் போய் இலக்கத்தைக் கூட்டினார். எட்டு. சனியன்ரை எண் என்று அவர் முகம் போன போக்கைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

கிழவர் என்னிடம் விலை கதைக்க முதல், என் ட்ரெய்லரின் பாரம் என்ன என்று கேட்டார். ஒன்றரைத் தொன் என்றேன், நீங்கள் எல்லாருக்கும் சொல்வது அதுதானே. நிறுத்துப் பார்த்தீர்களா என்றார். இல்லை. தன் சுமை தெரியாதவளுக்கு வண்டி விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை தானே வண்டியோடு வந்து கொழுவித் தருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை, நீங்கள் ஏற்றுகிற மாதிரியே எல்லாம் ஏற்றினோம். அரிசி மூட்டைகள், காஸ் சிலிண்டர், கிரைண்டர், பெரிய அண்டாக்கள், கடைசியாகப் பின்பக்கத் தொட்டி நிறையத் தண்ணீர். லொறிகளை நிறுக்கிற தட்டில் ஏற்றி நிறுத்தினோம். அந்த ட்ரெய்லர் தாங்கும் என்று எழுதியிருந்த அளவைவிட முந்நூறு கிலோ கூட. கிழவர் குனிந்து பார்த்துவிட்டு, பாரமெல்லாம் சில்லுக்குப் பின்னால் கிடக்கிறது, இது முன்பக்கக் கொக்கியைத் தூக்குகிறது, வேகம் எடுத்தால் வால் ஆட்டும் என்றார். பாலத்தில் அடித்தது காற்றில்லை.

ஆரணி தொட்டியைத் தட்டிப் பார்த்தாள். "அம்மா, பெர்கே? அப்பா ஏன் தண்ணி கொண்டு போறவர்? அங்கை கோயிலிலை பைப் இருக்குத்தானே?"

எனக்கு ஏன் என்று தெரியும். "வெறும் பானையோடை வாசல் தாண்டப்படாது" என்பீர்கள். நிறைகுடம் வைத்துப் புறப்பட வேண்டும் என்பது உங்களுக்குக் காணாது, உங்களுக்கு நிறைதொட்டி வேண்டும். இந்தத் தீவிலிருந்து இருநூறு லீற்றர் தண்ணீரைக் கடல் தாண்டிக் கொண்டுபோய், அங்கே குழாயடியில் ஊற்றிவிட்டு வந்த மனுசன் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அன்றைக்கு எங்கள் மூன்று பேரின் உயிரையும் உங்கள் சாத்திரம் கையில் வைத்துக்கொண்டு நின்றது. உங்களில் எனக்கு அவ்வளவு கோபம். அதைச் சொல்ல நீங்கள் இல்லை என்பது அதைவிடக் கோபம்.

தொட்டியைத் திறந்துவிட்டேன். நிறுவைக்காரன் பார்த்துக்கொண்டு நிற்க, உங்கள் நிறைகுடம் முழுக்கத் தார் றோட்டில் ஓடியது. அரிசி மூட்டைகளைக் குறைத்து, மிச்சத்தைப் பிக்கப்பின் பெட்டிக்கு மாற்றினோம். கிரைண்டரைச் சில்லுக்கு மேலே கொண்டுவந்து கட்டினோம். திரும்ப நிறுத்தபோது அளவுக்குள் வந்தது, சாம்பல் வண்டியின் புத்தகமும் அதற்கு இடம் கொடுத்தது. எட்டோ ஒன்பதோ, இதுதான் என் வண்டி என்றேன். கிழவர் கை குலுக்கிவிட்டு ஒரு பை எலுமிச்சம்பழம் தந்தார். நாலு சில்லுக்கும் நாலு வைத்தேன், மிச்சம் ஊறுகாய்க்கு.

நேற்றுப் பின்னேரம் அடுப்பு வண்டியைக் கொழுவி ஒருக்கா ஓடிப் பார்த்தோம். தள்ளுவதற்கென்று பெடியள் நாலு பேர் வழக்கம்போல வந்து நின்றார்கள். நான் வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து முற்றத்திலிருந்து பின்னுக்கு எடுத்துத் தெருவில் விட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் அவர்கள் பாட்டுக்கு அரோகரா சொன்னார்கள்.

அந்த ஓட்டத்துக்குப் புறப்பட முதல் ஆரணி சின்னச் செம்புக் குடத்தில் தண்ணீர் நிரப்பி, தேங்காய் வைத்துக் கொண்டுவந்தாள். புருசன் இல்லாதவள் நிறைகுடம் தொடலாமோ என்று உங்கள் தம்பி வாய்க்குள் முணுமுணுத்தார். பிள்ளை அவரைப் பார்த்துக்கொண்டே குடத்தை என் கையில்தான் தந்தாள். நான் அதை முன்னிருக்கையில், எனக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆரணி பின்னுக்கு ஏறினாள்.

வண்டி நகர்ந்ததும் கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது. என்னுடைய பெல்ட் சரி, ஆரணியின் பெல்ட் சரி. எதற்குக் கத்துகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

"அம்மா, பக்கத்திலை ஆரோ இருக்கினமாம்," என்றாள் ஆரணி. "பெல்ட் போடேல்லையாம்."

பின்னாலிருந்து எட்டி, பெல்ட்டை இழுத்துக் குடத்தைச் சுற்றிப் போட்டாள். சத்தம் நின்றது. கழுத்தை இறுக்குது என்று ஒருநாளும் பெல்ட் போடாத மனுசன் நீங்கள். எனக்குக் கொஞ்ச நேரம் றோட்டுத் தெரியவில்லை, ஓரமாய் நிறுத்திக் கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் ஓடினேன்.

நாளைக் காலை வெளிக்கிடுகிறோம். அந்தப் பாலத்தில் மெதுவாக, ஆறுதலாகப் போவேன், கண்ணைத் திறந்துகொண்டு போவேன். குடத்துத் தண்ணீரைக் குழாயடியில் ஊற்ற மாட்டேன். தேரன்று முதல் அரிசிக்கு வைக்கிற உலையில் ஊற்றுவேன். அதுவரைக்கும் உங்கள் பெல்ட்டைக் கழற்ற மாட்டேன். நீங்கள் என்ன சொன்னாலும் சரி.

பின்னுக்கும் எடுக்கத் தெரிந்த,
உங்கள் மனுசி