ஏழு பன்னும் நான்கு பேரும்

மானிட்டோபா
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஒக்ஸானாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே பெர்கனில் ஓயாத மழை என்று எழுதியிருந்தாய், அதிலும் உனக்குச் சளி பிடிக்காமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். இங்கே மைனஸ் முப்பத்தொன்று. அப்பா ஏரிப் பனியில் ஓட்டை போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுகிறார், கேட்டால் "மீன் பேசாது, அதான் நிம்மதி" என்கிறார், யாரைக் குத்துகிறார் என்று எனக்குத் தெரியாதா? ஒரு வாரமாக வீட்டில் நான் பொரிந்து தள்ளிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எல்லாம் அந்தப் புதன்கிழமைக் கூட்டத்தால் வந்தது. பிள்ளைகள் சொந்தமாக யோசிக்க நாம் என்ன செய்யலாம் என்று ஆசிரியர்கள் ஐந்து பேர் பள்ளி விட்டதும் நூலகத்தில் கூடிக் கற்றுக்கொள்வது, செப்டம்பரில் நானேதான் ஆரம்பித்தேன். இப்போது பார்த்தால் ஒருத்தி விடைத்தாள் திருத்துகிறாள், ஒருத்தர் கடிகாரத்தையே பார்க்கிறார், பிரின்சிபால் பெவர்லி ஒரு ஃபாரம் கொண்டுவந்தாள், ஒவ்வொரு பிள்ளையின் கற்பனைக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை மதிப்பெண் போட வேண்டுமாம். "மூணரை போடலாமா?" என்று கேட்டேன். "அரை கிடையாது லோர்னா, அதுக்குக் கட்டம் இல்ல" என்றாள், சிரிக்காமல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகுதான் ஒருவர் பாடம் நடத்த மற்றவர் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தோம், பார்க்கிறவர் பிள்ளைகள் சொல்வதையும் செய்வதையும் மட்டும் எழுத வேண்டும், ஆசிரியரைப் பற்றித் தீர்ப்பு கூடாது. போன புதன்கிழமை என் வகுப்புக்கு டெவின் வந்தான், வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம்கூட ஆகாத பையன். ஏழு இலவங்கப்பட்டை பன்னை நான்கு பேருக்கு எத்தனை விதமாகப் பங்கிடலாம் என்று கேட்டேன், பிள்ளைகள் வெட்டினார்கள், வரைந்தார்கள், ஒரே கூச்சல், எனக்கு ஏகப் பெருமை. அன்று சாயங்காலம் கூட்டத்தில் அவன் குறிப்பை வாசித்தான். "பத்து நாப்பதுக்கு ஜோலினா கை தூக்கினா. 'மொதல்ல யாருக்குப் பசின்னு கேட்டுட்டு...'ன்னு ஆரம்பிச்சா. 'அது கணக்கு இல்லம்மா, நம்பரைச் சொல்லு'ன்னு பதில் வந்துது. கையைக் கீழ இறக்கினா. அப்புறம் மணி அடிக்கிற வரைக்கும் தூக்கவே இல்ல." வேறு ஒரு சொல் சேர்க்கவில்லை அவன், அந்தப் பதிலைச் சொன்னது நான் என்றுகூட. விடைத்தாள் திருத்துகிறவள்கூடப் பேனாவை வைத்துவிட்டாள். இருபத்தாறு வருஷம் பாடம் நடத்தியவளிடம் வந்து பேசுகிறாயே, முதலில் உன் வகுப்பை அடக்கு என்று சொல்லிவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவன் முகம் சிவந்துபோனது. நான் சொன்னது தப்பு என்று காரைக் கிளப்புவதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

மறுநாள் காலையில் ஜோலினாவைத் தனியாகக் கூப்பிட்டேன். பேசவே யோசிக்கிற குழந்தை, வருஷத்தில் நாலைந்து தரம் கை தூக்கினால் அதிகம். "நேத்து நீ சொல்ல வந்ததை நான் முழுசாக் கேக்கல, தப்பு என் மேலதான், இப்பச் சொல்லு, பசி இருக்கிறவங்களுக்கு என்ன செய்யலாம்னு நெனச்சே?" என்று கேட்டேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். நான் எதை எதிர்பார்க்கிறேன் என்று தேடுகிற பார்வை. பிறகு மெதுவாக, "ஒண்ணே முக்கால், மிஸ்" என்றாள்.

சரியான விடைதான் ஒக்ஸானா. சபாஷ் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாளை மறுபடியும் புதன். எல்லோர் முன்னாலும் டெவினிடம் மன்னிப்புக் கேட்டு, இந்த விடையையும் சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் என் வகுப்புக்கே வரச் சொல்லப் போகிறேன். பெவர்லி அந்த ஃபாரத்தை நீட்டினால் மட்டும் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

வேளைக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியோடு நிறுத்தாதே. பல் வைத்தியரைப் பார்க்கச் சொன்னேனே, தள்ளிப்போடாதே. போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்கள் வாய்க்கட்டும், கடவுள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

கோபம் இன்னும் முழுதாக ஆறாத, உன் மேல் கொள்ளைப் பிரியமுள்ள
அம்மா
லோர்னா