கஞ்சியில் கரையாத மணி

மருதமுனை
05.02.1996

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பாதி நோன்பு முடிந்துவிட்டது. ஜவுபர் மாமாவிடம் நீங்கள் கொடுத்துவிட்ட பார்சல் கிடைத்தது. அதிலிருந்த வெள்ளை மணிகளைச் சவ்வரிசி என்று நினைத்து உம்மா நோன்புக் கஞ்சியில் போட்டுவிட்டா. இரண்டு மணித்தியாலம் கொதித்தும் ஒரு மணிகூடக் கரையவில்லை. "அரபு நாட்டுச் சவ்வரிசிக்கு இவ்வளவு கொழுப்பா!" என்று ஏசினா. அன்று நோன்பு திறந்தது பேரீச்சம்பழத்தோடு சரி.

வாப்பா, உயர்தரப் பரீட்சை முடிவு வந்தது. மூன்று பாடத்தில் சித்தியடைந்துவிட்டேன். இரசாயனவியலில் மட்டும் இல்லை. இன்னொரு தரம் எழுத ஆசைப்படுகிறேன். பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேரும் படிவம் உள்ளே இருக்கிறது, கையொப்பமிட்டு அனுப்புங்கள். உங்கள் தொழிலை 'மெசின் ஒப்பரேட்டர்' என்று நானே நிரப்பிவிட்டேன்.

மகள்
முனவ்வறா

ஜுபைல்
சவூதி அரேபியா
01.03.1996

அன்பு மகளுக்கு,

வஅலைக்கும் ஸலாம். படிவத்தில் கையொப்பம் வைக்கவில்லை. கோபிக்காதே. உன் பதியுதீன் மாமாவும் ஊரிலிருந்து எழுதியிருந்தார், "பொம்புளப் புள்ள ஒருதரம் எழுதினது காணும் மச்சான்" என்று. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

அந்த மணி எங்கள் கம்பனியில் செய்கிற பொருள். நீங்கள் பார்க்கட்டுமே என்று அனுப்பினேன். இரண்டு வருடம் இரசாயனம் படித்த பிள்ளைக்குச் சவ்வரிசி எது, பிளாஸ்டிக் எது என்று தெரியவில்லையா? உம்மாவிடம் தையல் பழகு.

வாப்பா
காலிதீன்

மருதமுனை
20.03.1996

அன்புள்ள வாப்பாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதம் கண்டு இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் கோபம் வந்தது. கோபத்தோடுதான் எழுதுகிறேன், மாப்புச் செய்யுங்கள்.

கஞ்சி காய்ச்சியது உம்மா. பானையிலிருந்து மணிகளைப் பொறுக்கிக் கழுவியது நான். ஒன்றை நெருப்பில் பிடித்தேன், மெழுகுதிரி மணம் வந்தது. உடனே விளங்கிவிட்டது, அது பொலித்தீன். ஒரு காபன், அதோடு இரண்டு ஐதரசன். அந்தத் துண்டுக்கு மெதிலீன் என்று பெயர். அதுவே ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்டு கிடக்கிறது. தண்ணீர் பிடித்து இழுக்க அதில் ஒன்றுமில்லை, அதனால்தான் கரையவில்லை. மெழுகுதிரியிலும் அதே துண்டுதான், சங்கிலி மட்டும் கட்டை, இவ்வளவு நீளமில்லை.

பரீட்சையில் நான் விழுந்ததே இந்தப் பாடத்தில். இப்போது கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். கல்முனைச் சந்தையில் மீன் போட்டுத் தரும் பையைக் காட்டி, "இது எங்கட வாப்பா செய்யிற சாமான்" என்று கூட்டாளிமாரிடம் சொல்லித் திரிகிறேன். இன்னொரு படிவமும் நிரப்பி உள்ளே வைத்திருக்கிறேன்.

முனவ்வறா

ஜுபைல்
18.04.1996

என் மகள் முனவ்வறாவுக்கு,

உன் கடிதத்தை ஐந்து தரம் வாசித்தேன். மறுநாள் மலையாளி எஞ்சினியர் ஒருவர் நிலத்தில் சிந்திக் கிடந்த மணிகளுக்குப் பக்கத்தில் நின்றார். வாய் சும்மா இருக்கவில்லை. "சேர், இது முழுக்க மெதிலீன். காபன் ஒண்டு, ஐதரசன் ரெண்டு" என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். "எண்ட மகள். கஞ்சிப் பானைக்குள்ள இருந்து கண்டுபுடிச்சவ" என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஆறு வருடத்தில் முதல் தடவையாக என் பெயரைக் கேட்டார். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது மகள்.

இனி உன்னிடம் மறைக்க மனமில்லை. நான் மெசின் ஒப்பரேட்டர் இல்லை. சிந்துகிற மணிகளைக் கூட்டி அள்ளுகிறவன். வெட்கத்தில் பொய் சொன்னேன்.

படிவத்தில் கையொப்பம் வைத்துவிட்டேன். தொழில் என்ற இடத்தில் நீ எழுதியதை வெட்டி, உண்மையை என் கையால் எழுதியிருக்கிறேன். நீயே கொண்டுபோய்க் கொடு. பதியுதீன் மாமாவுக்கும் காட்டிவிட்டுப் போ.

மு. காலிதீன்
துப்புரவுத் தொழிலாளி
முனவ்வறாவின் வாப்பா