மெல்பேர்னுக்குப் பத்தரை மணித்தியாலம்

ஐப்பசி 14, செவ்வாய்

மகள் நிர்மலாவுக்குத் தை மாதத்தில் முதல் பிள்ளை பிறக்கப்போகிறது. அவள் இருக்கும் மெல்பேர்ன் தூரம், வர மாட்டேன் என்றே சொல்லிவந்தேன். இன்று தொலைபேசியில் மடக்கிவிட்டாள்.

"அம்மா, கண் காட்டக் கொழும்புக்கு ரயிலில எவ்வளவு நேரம் போறீங்க?"

"எட்டு, ஒன்பது மணித்தியாலம்."

"கொழும்பில இருந்து இஞ்ச வரப் பத்தரைதான். எனக்குச் சீதனமா எழுதின வீட்டில தனிய இருந்து என்ன செய்யிறீங்க? நம்மட ஊரில தாய் மகளோடதானே இருக்கிறது?"

நம்பாமல் அட்லசில் அளவுகோல் வைத்து அளந்தேன். எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு மேல். விமானத்தின் வேகத்தால் வகுத்தேன். அவள் கணக்குச் சரி.

திரும்ப அழைத்து, ரிக்கற் எடுக்கச் சொன்னேன். அழுதாள். பிறகு, விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்கும் சொல்லிவைப்பதாகச் சொன்னாள். நாளை முதல் வேலையாக அதை நிறுத்த வேண்டும். நான் நடந்துதான் ஏறுவேன்.