மாமா ஜெயித்துவிட்டார்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

பிலடெல்பியாவில் நம் தொகுதியிலிருந்து உன் தம்பி வெர்னன் மாமா ஐந்தாம் முறையாக மாநில செனட்டுக்கு ஜெயித்துவிட்டார். அவர் இறப்பதற்கு முன்பே வாக்குச்சீட்டு அச்சாகிவிட்டதால் பெயரை எடுக்கவில்லை. வாக்குச்சாவடி வாசலில் எதிர்க்கட்சிக்காரன் ஒருவன், "செத்தவருக்கா ஓட்டு?" என்று சிரித்தான். "உங்க ஆளு உசிரோடதான இருக்காரு, ஒரு நாளாச்சும் எங்க தெருப்பக்கம் வந்தாரா?" என்றாள் பக்கத்து வீட்டு ஒடெஸா. நானும் சிரித்தேன்.

முடிவு வந்ததும் வழக்கம்போல எல்லோருக்கும் வறுத்த மீன் வாங்கினேன். மேஜையில் வைத்த பிறகுதான், அவர் பங்கையும் வாங்கிவிட்டது தெரிந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

மாமாவின் பிரசார அலுவலகத்தைக் காலிசெய்ய வேண்டும், அவசரம். நீ அனுப்பிய மிளகாய் சாஸ் தீர்ந்துவிட்டது. எனக்கொன்று, மாமாவுக்கொன்று என்று எப்போதும்போல இரண்டு பாட்டிலாகவே அனுப்பு. ஒன்று மட்டும் வந்தால் என்னால் பார்சலைப் பிரிக்க முடியாது.

உன் லுவெல்லா