மண்ணை முகர்ந்து பார்த்தவளுக்கு

பசுமைக்குடிலுக்குள் பார்மலின் வாசம் போய்விட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, அம்மணி. குடமிளகாய் நாற்றுகள் காலையில் வந்து இறங்கிவிட்டன. தட்டுத் தட்டாக நிழலில் அடுக்கி வைத்திருக்கிறேன். நடலாமா கூடாதா என்று சொல்லத்தான் ஆளில்லை.

வாடல் நோய் வந்த மண்ணுக்கு அந்தப் பார்மலின் மருந்தை ஊற்றி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, பிறகு திறந்து கிளறிக் கிளறி ஆற்றுவதெல்லாம் என் வேலை. கடைசியில் உள்ளே போய் ஒரு பிடி மண்ணை முகர்ந்து பார்ப்பது உன் வேலை. கொரோனாவோடு போன வாசனை எனக்குத் திரும்பவே இல்லையே. வெள்ளகோவில் வெயிலில், அந்த வேக்காட்டுக்குள் நின்று, "இன்னும் ரெண்டு நாள் போகட்டுங்க" என்பாய். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருமுறை உன் பேச்சைக் கேட்காமல் நட்டுவிட்டேன். நான்காம் நாள் வேர் கருகி, நாற்றெல்லாம் தலை தொங்கிப் போயிற்று. நீ திட்டவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏனுங்க, மூக்குத்தான் போச்சுன்னா, காதுங்கூடப் போயிருச்சுங்களா?" என்றாய். வேலைக்கு வந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு உன்னைக் கேட்காமல் நான் ஒரு நாற்றும் நட்டதில்லை.

கட்டியவளைத்தானே ஒவ்வொரு முறையும் உள்ளே அனுப்பினேன். மருந்து ஊற்றும்போது நான் முகக்கவசம் போட்டுக்கொள்வேன். முகர்ந்து பார்க்கப் போகிறவள் அதைப் போட்டுக்கொள்ள முடியுமா? போன வருஷம் உனக்கு இருமல் வந்தது. நுரையீரல் என்றார்கள். கோயமுத்தூருக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். எல்லாம் முடிந்து நீயும் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த மருந்துதான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். "அதனாலதான்னும் சொல்ல முடியாதுங்க, இல்லைன்னும் சொல்ல முடியாதுங்க" என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பேன். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மத்தியானம் நானே உள்ளே போனேன். உன்னைப் போலவே ஒரு பிடி மண்ணை அள்ளி மூக்கில் வைத்து இழுத்தேன். ஒன்றுமில்லை. ஈரம்கூடத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, களையெடுக்க வந்த பாப்பாத்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் வேணா மோந்து பாக்கட்டுங்களா?" என்று கேட்டபடி காலை உள்ளே வைத்தாள்.

"வேண்டாம், உள்ள வராத!" என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டு போய்விட்டாள். நாற்றுகள் இன்னும் தட்டிலேயே கிடக்கின்றன. நான் வரப்பில் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

உன்னிடம் ஒரு நாளாவது அப்படிக் கத்தியிருக்கக் கூடாதா, அம்மணி?