எதிர்ச் சபைத் தொட்டி

மார்ச் 5, 2017, ஞாயிறு

எங்கள் நீபோ மலைச் சபையின் ஞானஸ்நானத் தொட்டி விரிசல் விட்டுவிட்டது. கீழறைப் பியானோவுக்குள் தண்ணீர். ஈஸ்டருக்கு ஏழு பிள்ளைகள் முழுக்குக்குக் காத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஹோசியா நாற்பது வருடம் பிளம்பர் வேலை பார்த்தவர். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மே மாசத்துக்கு முன்னாடி ஆகாது" என்றார்.

எதிர்ச் சபைப் பாஸ்டர் விட், தெருவைத் தாண்டி வந்து, தங்கள் தொட்டியைத் தருவதாகச் சொன்னார். அது வெள்ளைக்காரர்கள் சபை. 1866 வரை இரண்டும் ஒரே சபைதான் - அவர்கள் கீழே பெஞ்சில், அடிமைகளான எங்கள் ஆட்கள் மாடியில். விடுதலை கிடைத்ததும் எழுந்து வந்து எதிரே கட்டிக்கொண்டோம். நூற்றைம்பது வருடமாகக் கை அசைக்கிறோம், சேர்ந்து ஜெபித்ததில்லை.

இதைக் கேட்டதும் ஹோசியா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். 1964இல், பதினொரு வயதில், அண்ணனோடு அந்தச் சபையின் படியேறினார். சபைப் பொறுப்பிலிருந்த இரண்டு டீக்கன்மார், கறுப்பர்களுக்கு இடமில்லை என்று கைகோத்து மறித்தார்கள். அன்றிலிருந்து குழாய் ரிப்பேருக்குத் தவிர எந்தச் சபைக்குள்ளும் கால் வைத்ததில்லை. ஞாயிறுதோறும் என்னை இறக்கிவிட்டு, வண்டியிலேயே ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார். இந்த மனிதர் முழுக்கு எடுக்க வேண்டும் என்று முப்பத்தெட்டு வருடமாகக் கேட்கிறேன். ஆண்டவரே, காது கேட்கிறதா?

மார்ச் 12

எங்கள் சபையில் வாக்கெடுப்பு. சம்மதம். நிபந்தனை: எங்கள் பாஸ்டர்தான் தண்ணீரில் இறங்குவார், எங்கள் ஆராதனை நீளம், பன்னிரண்டு அடித்ததும் அவர்கள் யாரும் கடிகாரம் பார்க்கக் கூடாது.

மார்ச் 19

சேர்ந்து பாட்டுப் பயிற்சி. கஷ்டம், கஷ்டம். நாலு எண்ணிக்கைத் தாளத்தில் நாங்கள் இரண்டிலும் நாலிலும் கை தட்டுகிறோம். அவர்கள் ஒன்றிலும் மூன்றிலும். "சிஸ்டர், எப்போ தட்டணும்னு கொஞ்சம் கண்ணக் காட்டுங்க" என்றாள் அவர்கள் பக்கத்துக் கேரல் ஆன். எங்கள் வெர்டெல், "நாங்க தட்டும்போது தட்டுங்க, அது போதும்" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்றுவலி.

கிளம்பும்போது பாஸ்டர் விட் கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் ஏன் வண்டியிலயே இருக்காரு?" சொன்னேன். ஏற்கெனவே வெளுத்த முகம், இன்னும் வெளுத்தது. "அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் இன்னும் இருக்கார். டாப்னி ஷெல்நட். எண்பத்திநாலு வயசு."

ஏப்ரல் 2

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் கைத்தடியோடு ஷெல்நட்.

"அன்னிக்குப் படியில நின்னவன் நான்தான்."

"தெரியும். அந்த மூக்க மறக்கல."

"செஞ்சது தப்பு. சொல்ல வர்றதுக்கு அம்பத்திமூணு வருசம் ஆயிடுச்சு."

"ஒரு தெருவத் தாண்டத்தானே சார்."

கிழவர் அழுதார். ஹோசியா வண்டியைக் கிளப்பிவிட்டார். வழியெல்லாம் எனக்குக் கோபம் - யார் மேல்? அத்தனை வருசம் சும்மா இருந்துட்டு இப்ப வந்து அழுதா ஆச்சா? ஆனா வந்தாரே. அந்த வயசுல நடந்து வந்தாரே.



 

ஏப்ரல் 16, ஈஸ்டர்

இதை ஒன்று விடாமல் எழுத வேண்டும். அவர்கள் தொட்டியைப் பாஸ்டர் விட் உடம்புக்குத் தகுந்தபடி நிரப்பியிருந்தார்கள். விட் ஒரு துடைப்பக்குச்சி. எங்கள் பாஸ்டர் லாட்டிமோர் முந்நூறு பவுண்டு எடை. இரண்டு சபையிலும் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. அவர் கடைசிப் படி இறங்கியதும் தண்ணீர் தொட்டியின் முன்பக்கக் கண்ணாடிக்கு மேல் புரண்டு, கீழே நின்ற பாடகர் குழுவின் தலையில் கொட்டியது. ஒன்றில் தட்டுகிறவர்கள், இரண்டில் தட்டுகிறவர்கள், எல்லோரும் பேதமில்லாமல் நனைந்தோம். கேரல் ஆனின் கொண்டை சரிந்தது. "ரெண்டாந்தரம் முழுகினா செத்தா போயிடுவோம்" என்று வெர்டெல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீரை வடிக்கப் போனவர் பதற்றத்தில் வேறு வால்வைத் திருப்ப, தண்ணீர் இன்னும் ஏறி ஆர்கன் பக்கம் ஓடியது. நான் ஈரச் செருப்போடு வெளியே ஓடினேன்.

"தண்ணி நிக்கல. வாங்க."

ஹோசியா படியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கருவிப் பையை எடுத்துக்கொண்டு ஏறினார். ஏறிவிட்டார்.

பெரிய வால்வு இருக்கும் இடம் தெரிந்தவர் ஷெல்நட் ஒருவர்தானாம். இரண்டு பேரும் தொட்டிக்கு அடியில் தவழ்ந்து போனார்கள். பாஸ்டரின் மைக்கில் எல்லாமே கேட்டது.

"இடது பக்கம் திருப்பு."

"அது எனக்குத் தெரியும். டார்ச்ச ஒழுங்காப் புடிங்க சார்."

கூரை இடிகிற மாதிரி சிரித்தோம். ஏழு பிள்ளைகளும் முழுகி எழுந்தார்கள். ஹோசியா முழங்காலெல்லாம் தூசியோடு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார், முடியும்வரை எழவில்லை. வெளியே வரும்போது மணி இரண்டு.

மே 7

எங்கள் தொட்டியை ஹோசியா ஒட்டி முடித்துவிட்டார். டார்ச் பிடித்தது ஷெல்நட். காலைக் காபியில் ஹோசியா திடீரென்று சொல்கிறார்:

"நான் முழுகறதுன்னா எதிர்ச் சபையிலதான்."

"நம்ம தொட்டிதான் சரியாயிடுச்சே?"

"என்னைய மறிச்சது அந்த வாசல்தானே, லவோனியா. அது வழியாவே உள்ள போறேன்."

குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மே 21

முழுகி எழுந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "குளிருது." ஷெல்நட் துண்டோடு நின்றார்.

இன்று நான் பாடகர் குழுவில் நிற்கவில்லை. ஈரத் தலையோடு அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் பாட்டுப் புத்தகத்தின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் பாடி நான் கேட்டதில்லை. இன்று பாடினார். சுருதி துளிகூட இல்லை. வெர்டெல் பாடகர் மேடையிலிருந்து முறைத்தாள். முறைக்கட்டும்.