ஏழாம் துளையில் கூழாங்கல்

9.1.1986

எங்க வீட்டு விஞ்ஞானி மச்சானுக்கு,

அஞ்சாம் வகுப்பு வாத்தியார் கையால அடி வாங்கி, அதோட படிப்பை முடிச்சுக்கிட்ட உன் அத்தான் எழுதுறேன். நானும் உன் அக்காவும் கல்லு மாதிரி இருக்கோம். உன் சுகத்தைக் கேட்க வேண்டியதில்லை, பேப்பர்ல படம் பார்த்தோம். மாலைக்கு மேலே கழுத்தே தெரியல. உன் அக்கா மட்டும் "தம்பி இளைச்சுட்டான்"ங்கிறா. யானையா இருந்தாலும் தம்பின்னா அவ கண்ணுக்கு இளைச்சுதான் தெரியும்.

நீ இந்தப் பக்கம் வந்து பதினாலு மாசம் ஆச்சு. நான் எண்ணல, அவ எண்ணி வச்சிருக்கா. பாறை வேணும்னா பெட்டியில போட்டு அனுப்பச் சொல்லுவே. அக்காவையும் அப்படியே போட்டு அனுப்பட்டுமா?

சரி, விஷயத்துக்கு வரேன். அணைக்காக இடதுகரை மலையில ஏழாவது துளை போட்டோம். முப்பது மீட்டர் வரைக்கும் உடைஞ்ச பாறையும் மண்ணும். அதுக்குக் கீழே கெட்டிப்பாறைன்னு உன் வரைபடம் சொல்லுது. வந்தது என்ன தெரியுமா? கூழாங்கல். முட்டை முட்டையா, வழுவழுன்னு, ஆறு மீட்டருக்கு அதேதான். நடுநடுவுல சலிச்சு எடுத்த மாதிரி மணல். துளைக்குள்ள விடுற தண்ணி சேறாத் திரும்பி மேலே வரணும் இல்லையா? வரல. லாரி லாரியா ஊத்தினோம். மலை குடிச்சுக்கிட்டே இருக்கு, ஒரு ஏப்பம் கூட விடல.

மேலே மூணு ஓடையாப் பிறந்து, கறுப்புப் பாறை இடுக்குல ஒண்ணாகி, மலையை ரெண்டாப் பிளந்துக்கிட்டு இறங்குதே இந்த ஆறு, இது மலைக்கே மூத்ததுன்னு உன் கல்யாணப் பந்தியில எனக்குப் பாடம் எடுத்தே. "கட்டை தானா மேலே எழும்புது, ரம்பம் இருந்த இடத்துலயே அறுக்குது. ஆறுதான் ரம்பம் அத்தான்"னே. அந்தப் பக்கம் பொண்ணு தனியா உட்கார்ந்திருந்தா. நான் வாயைப் பிளந்துக்கிட்டு நம்பினேன். ஆனா மச்சான், ரம்பம் இடம் மாறியிருக்கு. இந்த இடதுகரை மலைக்கு அடியில பழைய ஆறு படுத்திருக்கு. எப்பவோ மலை சரிஞ்சு அதை மூடியிருக்கணும். ஆறு கோவிச்சுக்கிட்டு இந்தப் பக்கம் வந்து புதுசா அறுத்திருக்கணும்.

அணை இந்த மலைமேலதான் தோள் சாயப்போகுது. வேலையாளுங்க குடியிருக்கிற நம்ம லயன் வீடு முப்பத்தாறும் அதே மலைக்குப் பின்னாடி, அடிவாரத்துல. அணை நிரம்பினா தண்ணிக்குப் பழைய வழி மறந்திருக்குமா? வந்து பாரு. கல்லை அப்படியே பெட்டியில வச்சிருக்கேன்.

பாசமுள்ள அத்தான்

*

20.1.1986

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும். வேலை கழுத்தை நெரிப்பதால் வர இயலவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். போன வருடம் அலுவலகத்துக்கு அனுப்பிய மூன்றாம் துளைப் பெட்டியில், கல்லோடு கல்லாக, அக்காவின் இஞ்சி இடிக்கும் குழவியை வைத்தீர்கள். தலைமைப் பொறியாளர் பார்த்துக்கொண்டிருக்க நான் அதைச் சுத்தியலால் தட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்து, "உறுதியான பாறை" என்று எழுதினேன். இன்றுவரை அலுவலகத்தில் என் பட்டப்பெயர் குழவி. அதே ஆள், ஆற்றங்கரையில் இருந்துகொண்டு, கூழாங்கல் கிடைத்தது என்று எழுதினால் நான் என்ன நினைப்பது? புலி வருது கதைதான்.

அந்த ஆறு தோன்றும் இடத்திலிருந்து சமவெளி வரைக்கும் பதினோரு வருடம் நடந்திருக்கிறேன். அது ஒருபோதும் இடம் மாறியதில்லை. என் புத்தகம் அதைத்தான் சொல்கிறது. அது அச்சில் இருக்கிறது. அணை அறிக்கையும் இந்த மாதம் போயாக வேண்டும். ஆறாம் துளையில் கெட்டிப்பாறை கிடைத்திருக்கிறது, அது போதும். விளையாட்டுக்கும் ஒரு எல்லை உண்டு அத்தான்.

இப்படிக்கு,
மைத்துனன்

*

27.1.1986

மச்சான்,

குழவி விஷயத்துல நான் செஞ்சது தப்புதான். காதைப் பிடிச்சுத் தோப்புக்கரணம் போடுறேன், அங்கேயிருந்து எண்ணிக்கோ. உன் அக்காகிட்டயும் அன்னிக்கே வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ஆனா இது குழவி இல்ல. கல்லை நான் பெட்டியில போடலாம். லாரித் தண்ணியையும் நானா குடிச்சேன்? மூணு ஷிஃப்ட் ஆளும் நோட்டுல எழுதிக் கையெழுத்து போட்டிருக்கான், தண்ணி திரும்பல, தண்ணி திரும்பலன்னு. அதோட நகல் உனக்கு வந்திருக்கும். அதைப் பத்தி உன் கடிதத்துல ஒரு வரி இல்லையே, ஏன்?

கல்லுல பாதி, பச்சைக் கோடு போட்ட வெள்ளைக்கல்லு. அந்த ஜாதிக் கல்லு மூணாவது ஓடைக்கு மேலே மட்டும்தான் இருக்குன்னு நீதான் என்னை நடக்க வச்சுக் காட்டினே. ரெண்டு நாள் கால் வீங்கிக் கிடந்தேன். அது தானா நடந்து வந்து இந்த மலைக்குள்ள புகுந்துக்கிச்சா?

மேஸ்திரிகிட்ட சொன்னா "இன்னிக்கு என்ன குழவி?"ங்கிறான். பொறியாளர்கிட்ட சொன்னா "உங்க மச்சான் எழுதித் தரட்டும்"ங்கிறார். ஊரையே சிரிக்க வச்சேன், இப்ப நான் அழுதாலும் சிரிக்கிறான். என் பேச்சு செல்லாக்காசு. உன் பேச்சு செல்லும். ஒரே ஒரு நாள் வந்து பெட்டியைத் திற. பொய்யா இருந்தா ஆயுசுக்கும் உன் முன்னாடி வாயைத் திறக்க மாட்டேன். நிஜமா இருந்தா உன் புத்தகம் தப்பாப் போகும். போகட்டுமே. ஆத்துக்கு அதனால என்ன? அதுவும் என்னை மாதிரி, புத்தகம் படிக்காதது.

உன் அக்கா குடியிருக்கிற வீடுடா அது.

அத்தான்

*

8.2.1986

அன்புள்ள அத்தானுக்கு,

அறிக்கையில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். ஏழாம் துளையை "நம்பத் தகுந்ததல்ல" என்று குறித்திருக்கிறேன். பெட்டியை அப்புறப்படுத்தச் சொல்லி உத்தரவு வரும். இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதி உங்களுக்குத்தான்.

மைத்துனன்

*

19.8.1991

அன்புள்ள அத்தானுக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். நீங்களும் அக்காவும் தப்பியது தெய்வச் செயல். அணை நிரம்பிய ஒன்பதாம் நாள் இடதுகரை மலைக்குப் பின்னால் தண்ணீர் பீறிட்டது என்றும், பதினோரு வீடுகள் போய்விட்டன என்றும் பேப்பரில் படித்தேன். உங்கள் கூட்டாளி வெல்டரின் மனைவி அதில் இறந்ததையும் படித்தேன்.

விசாரணைக் குழு உங்களிடம் வரும். ஏழாம் துளையை ஏன் தள்ளினாய் என்று என்னைக் கேட்டார்கள். துளை போட்டவர் பெட்டியில் கல் மாற்றி வைத்து விளையாடுபவர், ஏழாம் துளையும் விளையாட்டுதான் என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் அப்படியே சொல்ல வேண்டும். தண்ணீர் திரும்பாததற்குக் குழாய் ஒழுக்கு என்று சொன்னால் போதும். பெட்டியும் இப்போது இல்லை. பாறையில் இருந்த விரிசலால் நேர்ந்தது என்று முடித்துவிடுவார்கள்.

உங்களுக்கு வேலை போகும். ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம்தானே. எனக்கோ சிறை. அம்மா போனபின் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா. அவள் தாங்குவாளா? அவளுக்காகவாவது செய்யுங்கள்.

உங்கள் காலில் விழும்,
மைத்துனன்

*

30.9.1991

ஐயா அவர்களுக்கு,

நீங்க எழுதினபடியே சொல்லிட்டேன்.

மேசைக்குப் பின்னாடி மூணு பேர் உட்கார்ந்திருந்தாங்க. "ஏன்யா கல்லை வச்சே?"ன்னு கேட்டாங்க. "மச்சான் மூஞ்சி போற போக்கைப் பார்க்கலாம்னு வச்சேங்க"ன்னேன். அதுல ஒருத்தருக்குச் சிரிப்பு வந்துடுச்சு, இருமி மறைச்சுக்கிட்டார். இருபத்தாறு வருஷப் பழக்கம் ஐயா, வாய்க்கு இன்னும் மறக்கல. இடதுகரை மலைக்கு அடியில ஆறு இல்ல, என்னைக்கும் இருந்ததில்லைன்னு எழுதி நீட்டினாங்க. கையெழுத்து போட்டேன். மலைக்கே மூத்த ஆத்தை, படிச்சவர் நீங்க ஒரு கையெழுத்துல இல்லைன்னு ஆக்கினீங்க. படிக்காதவன் நான் இன்னொண்ணுல. உங்க புத்தகத்துக்கு இனிமே ஒரு குறையும் வராது.

அந்தப் பதினோரு வீடு இருந்த இடத்துல மலை வாயைத் திறந்து கக்கி வச்சிருக்கு. கால் வைக்கிற இடமெல்லாம் கூழாங்கல், பச்சைக் கோடு போட்டது. விசாரணைக்கு வந்தவங்க செருப்புக் காலோட அதுமேலதான் நடந்து போனாங்க. ஒருத்தரும் குனியல.

உங்க அக்காகிட்ட வந்து, "உன் தம்பியைக் காப்பாத்திட்டேன்"னேன். நல்ல வார்த்தை ஒண்ணு வரும்னு நினைச்சேன். "யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"ன்னா. அதுக்கப்புறம் எங்கிட்டப் பேச்சில்ல. நேத்து சுவத்தைப் பார்த்துச் சொன்னா: "ஜெயில்ல இருந்தா வாரா வாரம் போய்ப் பார்த்திருப்பேன். இப்ப அவனை நான் எங்கே போய்ப் பார்க்கிறது?" சுவருக்கு என்ன தெரியும்? எனக்கும் தெரியல.

தாய் இல்லாம நிக்குற வெல்டர் பிள்ளைங்களுக்கு அவ சோறு கொண்டுபோனா. கல்லு வச்சு விளையாடினவன் வீட்டுச் சோறு வேண்டாம்னு அங்கே திருப்பி அனுப்பிட்டாங்க. வேலை போச்சு, நாளைக்கு வீட்டைக் காலி பண்றோம். எங்கேன்னு எழுத மாட்டேன். புத்தகம் அனுப்ப வேண்டாம்.

அப்புறம் வெல்டரே வந்தான். அவன் பொண்டாட்டி துணி காயப்போட்டுக்கிட்டு நின்னப்ப போனவ, கையில கிளிப்போட. இருபது வருஷமா எனக்குத் துளைமுனை ஒட்டிக் கொடுத்தவன் அவன். நான் வாயைத் திறக்கும் முன்னாடியே சிரிக்கிறவன். "அண்ணே, நிஜமாவே விளையாட்டுக்குத்தான் வச்சியா?"ன்னு கேட்டான். உண்மையைச் சொல்லிடலாம். சொன்னா அவன் நேரா விசாரணைக்குப் போவான். "ஆமாண்டா"ன்னேன்.

அடிப்பான்னு பார்த்தேன், அடிக்கல. என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னான். நான் எப்பவும் போல கண்ணடிச்சு, "ஏமாந்தியா?"ன்னு கேட்பேன்னு நினைச்சான் போல. ரொம்ப நேரம் நின்னான் ஐயா.

இப்படிக்கு,
ஏழாம் துளை போட்டவன்